ஆறாம் நம்பர் மலை

நீலப் படிவம் ஒன்று, வெள்ளைப் படிவம் ஒன்று. இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் முழுக்க நான் யோசித்தது, பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு சிறுமிக்காக. ஒரு கதையை ஒருதரம் கேட்டால் போதும், ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துகள் அவளுக்குப் பிடிகொடுக்காது. படமும் மடமும் அவளுக்கு ஒன்றுதான். டிஸ்லெக்சியாவாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

வெள்ளைப் படிவம் வாசிப்புச் சோதனைக்கு. எழுத்தையும் ஒலியையும் எப்படிச் சேர்க்கிறாள் என்று தமிழிலேயே பார்ப்பார்கள். ஆனால் கொழும்புக்கு மூன்று தடவை போகவேண்டும், முறை வர மாதக்கணக்காகும். நீலம் பொதுவான புத்திக்கூர்மைச் சோதனை. பதுளையில் ஒரே காலையில் முடிந்துவிடும். கொழுந்து பறிக்கும் அவளுடைய அம்மா, "எது நல்லதுங்க டீச்சர்? நீங்க சொன்னா சரிதாங்க" என்றார். நான் நீலத்தை நீட்டினேன். அலைச்சலை மிச்சப்படுத்திவிட்டேன் என்ற பெருமை வேறு.

சோதித்தவர் சிங்களவர், நல்ல மனிதர். தமிழில் கேட்டுச் சொல்ல வெளியூர்ப் பெண் ஒருத்தி. என்னை மூலையில் உட்காரவைத்து, குறுக்கே பேசக்கூடாது என்றார்கள். மலையில் என்ன இருக்கும் என்பது ஒரு கேள்வி. அவள் யோசிக்காமல் "நம்பர்" என்றாள். தோட்டத்தில் மலை என்றால் தேயிலை மலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. அவள் அம்மா ஆறாம் நம்பர் மலையில் கொழுந்தெடுப்பவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த எனக்கு அது தெரியாதா? அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிங்களத்தில் சொன்னாள். அவர் பிழை என்று குறித்தார். அப்படி இன்னும் ஏழெட்டுப் பதில்கள். நான் சும்மா இருந்தது விதிக்குப் பயந்து மட்டுமல்ல. அது என்னுடைய பேச்சும்தான் என்று அவர்கள் முன்னால் காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் மனம் கூசுகிறது.

புத்தி வளர்ச்சி குறைவு என்று அறிக்கை வந்தது. வாசிப்பைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அடுத்த தவணைக்கு அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. இரண்டு முறை லயத்துக்குப் போய்க் கூப்பிட்டேன். பெரியவர்களே எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளையை ஏன் வதைக்க வேண்டும் என்று அம்மா அழுதார்.

பல வருடம் கழித்து, போன மாதம் பசறை பஸ் நிலையத்தில், பஸ் போகும் ஊர் எழுதிய பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, இது லுணுகலை பஸ்ஸா என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். அவள்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு நீ சொன்ன 'நம்பர்' சரியான பதில், நான்தான் வாயைத் திறக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தேன்.

அவள் கூச்சத்துடன் சிரித்தாள். "எந்தக் கேள்விங்க டீச்சர்? நான்தான் மக்காச்சே, எனக்கு எங்க அதெல்லாம் ஞாபகம் இருக்கும்" என்றாள்.