ஜொய்சி மிஸ் வயரைப் பிடுங்குகிறார்

கணினி பழுது பார்க்கக் கூப்பிட்ட வீட்டுக்குள் கால் வைத்ததும் ஜொய்சி மிஸ் வயரைப் பிடுங்குகிறார். நனைந்த மழைக்கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. ரவுட்டரிலிருந்து கணினிக்குப் போகும் வயரை இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "இப்ப ஓட்டிப் பாருங்க" என்கிறார். அதுவரை உறைந்துகிடந்த கணினி பாதி வீடுகளில் அந்த நிமிடமே அசைந்து கொடுக்கிறது. "மெஷின் செத்துருச்சுன்னு எவன் சொன்னான்?" என்று அடுத்த கேள்வி வரும். வீட்டுக்காரர்களிடம்தான் கேட்கிறார். ஆனால் கோபம் அவர்கள்மேல் இல்லை.

"ஹேங்" என்ற சொல் அவருக்கு ஆகாது. "ஹேங்காகுது ஹேங்காகுதுன்னா நான் என்னாத்தக் கண்டேன்? என்னா செய்யும்போது நின்னுச்சு, அதச் சொல்லுங்க." வேலை முடியும்வரை தேநீரைத் தொடமாட்டார். முடிந்தபின் ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடிப்பார். திரையோடு பேசும் பழக்கமும் உண்டு. "யாரைத் தேடுற? இங்க யாரும் இல்ல. வா, வந்து வேலையப் பாரு."

வயது நாற்பத்து மூன்று. பிறந்தது இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயத்தில். ஹட்டனில் ஒரு பயிற்சி நிலையத்தில் பன்னிரண்டு வருடம் கணினி கற்பித்தவர். ஒருநாள் பாடத்தின் நடுவில் எழுந்து வெளியே வந்தார், திரும்பிப் போகவில்லை. காரணம் கேட்டால் இப்படிச் சொல்வார்: "ஒடஞ்ச மெஷினா பாத்து லயத்துப் புள்ளைங்களுக்கு ஒதுக்குனாங்க. நல்லது டவுன் புள்ளைங்களுக்கு. நான் எத்தன தடவ கேக்குறது?" இப்போது தோட்டம் தோட்டமாகப் பஸ் ஏறுகிறார்.

போன சனிக்கிழமை, அவரிடம் வேலை பழகும் நானும் அவரோடு போனேன். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டி, படிகள் இறங்கி, கடைசி லயம். கொழுந்தெடுக்கும் பேச்சியம்மாவின் வீடு. மகள் டிலுக்ஷிக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை, வீட்டிலிருந்தே. ஒவ்வொரு பதிலையும் சேமிக்கும்போது கணினி ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் அப்படியே நின்றுவிடும். தாமதத்துக்காக நிறுவனம் இரண்டு எச்சரிக்கை அனுப்பிவிட்டது. திங்கட்கிழமையும் தாமதித்தால் வேலை இல்லை.

கணினியை விற்ற ஹட்டன் கடைக்கு மூன்று தடவை தூக்கிப் போயிருக்கிறார்கள். மழையில் நனையாமலிருக்க, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைச் சுற்றி, பேச்சியம்மா தலையில் சுமந்து பஸ்ஸுக்குக் கொண்டுபோனார். கடையில் வைத்தால் குதிரை மாதிரி ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால் நின்றுவிடுகிறது.

"எங்க லயத்துக் கரண்டு சரியில்ல மிஸ்" என்றாள் டிலுக்ஷி, தரையைப் பார்த்துக்கொண்டு. "கடையில சொன்னாங்க. லயத்துல வச்சா எந்த மெஷினும் ஓடாதாம்."

ஜொய்சி மிஸ் நிமிர்ந்தார். "அத நீ நம்புனியா?"

"அவங்க படிச்சவங்க தானே மிஸ்..."

"நீ என்னா மாடு மேய்ச்சியா?" சத்தம் அடுத்த வீடுவரை கேட்டிருக்கும். டிலுக்ஷியின் கண் கலங்கியது. மிஸ் அதைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு அவளைப் பக்கத்தில் உட்கார்த்தினார். "அழுவாத. பாரு. நீயே பாரு."

வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு கோப்பைச் சேமித்தார். உடனே ஆனது. வயரைச் செருகிச் சேமித்தார். நின்றது. "வயர் இருந்தாத்தான் நிக்கிது. கரண்டுன்னா ரெண்டு தடவையும்ல நிக்கணும்?" பிறகு அமைப்புகளைத் திறந்தார். மென்பொருள் ஏற்றுவதற்காகக் கடைக்காரர்கள் தங்கள் பெரிய கணினியின் ஒரு கோப்புறையை இதில் இணைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் அதை எடுக்கவில்லை. இணையத்துக்கு வழி கேட்கும் இடத்தில் முதல் எண்ணாகத் தங்கள் ரவுட்டரின் எண்ணையும் கையால் எழுதி வைத்திருந்தார்கள். அதனால் டிலுக்ஷி சேமிக்கும்போதெல்லாம் கணினி இல்லாத கடையைத் தேடிக் காத்திருந்தது. கடைக்குத் திரும்பக் கொண்டுபோனால் தேடியது கிடைத்துவிடும், குறை தெரியாது.

அந்தக் கோப்புறையின் இணைப்பை டிலுக்ஷியின் கையாலேயே நீக்க வைத்தார். எண்ணை அழித்து, வீட்டு ரவுட்டரே கொடுக்கட்டும் என்று மாற்ற வைத்தார். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் சேமித்தாள். மறுபடி சேமித்தாள். பத்துத் தடவையாவது சேமித்திருப்பாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பேச்சியம்மா, "அப்ப கரண்டு இல்லீங்களா?" என்றார்.

"ஒங்க கரண்டுல ஒரு கொறையும் இல்லம்மா."

திங்கட்கிழமை டிலுக்ஷியின் எல்லாப் பதில்களும் நேரத்துக்குப் போயின. செவ்வாய்க்கிழமை ஜொய்சி மிஸ் ஹட்டன் கடைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். மிஸ் நேரே மேசைமுன் நின்று, நடந்ததைச் சொன்னார்.

முதலாளி சிரித்தார். "சின்ன செட்டிங் தானே மிஸ். பொடியன்மார் மறந்திருப்பாங்க."

"சின்னதுதான். அந்தம்மா மூணு தடவ தலையில சொமந்துட்டு வந்தாங்களே, ஒரு தடவையாவது தொறந்து பாத்தீங்களா?"

"பாத்திருக்கலாம். ஆனா லயத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் சொன்னா வெளங்காது மிஸ். கரண்டுன்னா பேசாம போயிருவாங்க."

ஜொய்சி மிஸ்ஸின் இரண்டு கைகளும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. "நான் எந்த ஊருன்னு நெனச்சீங்க? எங்கப்பா ஆத்தா ரெண்டு பேரும் லயத்துலதான் செத்தாங்க. எனக்கு வெளங்குது. சனிக்கிழம அந்தப் புள்ளைக்கும் வெளங்குச்சு. ஒங்களுக்குத்தான் வெளங்கல."

முதலாளி தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மிஸ் திரும்பினார். வரிசையின் கடைசியில், மடிக்கணினியை உரப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

"எந்தத் தோட்டங்க ஐயா?"

"வட்டவளைங்க. பேரு செல்லசாமி."

"ஒங்களுக்கு என்னா சொன்னாங்க?"

பெரியவர் முதலாளியை ஒருமுறை பார்த்தார். "லயத்துக் கரண்டுன்னு..." என்று முணுமுணுத்தார்.

ஜொய்சி மிஸ் அந்தப் பையை அவர் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, வட்டவளை பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.