துண்டுக்கடியில் பன்னிரண்டு வருஷம்

என் அப்பா அதிகம் பேசாதவர். எங்கள் வீட்டில் அது ஒரு பெருமை. அவர் மாட்டுத் தரகர். சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் அவருடைய துண்டுக்கடியில் கையை நுழைப்பார்கள். விரலைப் பிடித்தே விலை முடியும். ஒரு விரல் ஒன்று, முழுக்கை ஐந்து. சுற்றி நிற்பவர்கள் காதில் ஒரு சொல் விழாது. டீக்கடையில் இரண்டு விரலைக் காட்டுவார், இரண்டு டீ வரும். திருச்சுழி பஸ்ஸில் சரியான சில்லறையை நீட்டுவார், கண்டக்டர் ஊர் கேட்காமலே டிக்கெட் கிழிப்பார். வீட்டிலும் அவர் பேசுவதெல்லாம் ஒற்றைச் சொல்தான். பெரிய மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போல என்று நினைத்திருந்தேன்.

பேச வேண்டியதையெல்லாம் அம்மா பேசினாள். ரேஷன் கடையோ கல்யாண வீடோ, அப்பாவுக்கு ஓரடி முன்னால் நிற்பாள். அவரிடம் கேட்ட கேள்விக்கு அவர் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லி முடித்திருப்பாள். புருஷனைப் பேசவிடாத வாயாடி என்று ஊரில் அவளுக்குப் பெயர். அவளோடு வெளியே போக எனக்கும் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கும்.

எனக்குத் திக்குவாய். பள்ளிக்கூடத்தில் என்னைத் 'தந்தி ஆபீஸ்' என்பார்கள். வருகைப் பதிவின்போது நான் கையை மட்டும் தூக்குவேன், வாத்தியார் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். யாரோ சொன்னார்களென்று அம்மா வசம்பைச் சுட்டு நாக்கில் தடவிப் பார்த்தாள். எரிச்சல்தான் மிச்சம். நான் திக்க ஆரம்பித்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். மகள் இப்படிப் பிறந்துவிட்டாளே என்ற வெறுப்பு என்று எண்ணிக்கொள்வேன். அதே அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டுக்கடியில் என் கையைப் பிடித்து விளையாடுவார். அவர் அழுத்தும் எண்ணை நான் விரலாலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். அதில் நான் தோற்றதே இல்லை.

தொண்ணூறோ தொண்ணூற்றொன்றோ, ஆறாம் வகுப்பு முடிந்த கோடை. தம்பி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அம்மா அருப்புக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த நேரத்தில் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. தாத்தா பெயரிலிருந்த மூன்று ஏக்கர் கரிசலைத் தன் ஒருவர் பெயருக்கே மாற்றித் தரும்படி பெரியப்பா மனுப் போட்டிருந்தார். அதை உழுது பருத்தியும் கொத்தமல்லியும் எடுத்தவர் அப்பா. அண்ணன் தம்பி பாகம் வாய்ப்பேச்சாகவே பிரிந்திருந்தது, எழுத்தில் எதுவும் இல்லை. ஆட்சேபணை உண்டென்றால் தாலுகா ஆபீசில், ஊர்க் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நாளன்று நேரில் வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிலம் போய்விடும். எங்களுக்கு வேறு நிலம் கிடையாது.

ஜமாபந்தியன்று காலை அப்பா என் செருப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். அதுதான் அழைப்பு. தீர்வை ரசீதுகள் இருந்த மஞ்சள் பையை என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் போகிற சந்தோஷத்தில் நான் எதுவும் கேட்கவில்லை.

ஜமாபந்தி வேப்பமரத்தடிப் பந்தலில் நடந்தது. நீள மேசை நிறையக் கிராமக் கணக்குகள். காற்றில் தாள் பறக்காமலிருக்க மேலே கருங்கல் துண்டுகள். டவாலிச் சேவகர் ஊர்ப் பெயரைக் கூப்பிட, அந்தந்த ஊர்க்காரர்கள் முன்னால் போனார்கள். எங்கள் ஊர் வரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பெரியப்பா வெள்ளைச் சட்டையில் முன்பே போய் நின்றிருந்தார்.

அதிகாரி மனுவைப் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். முதலில் பெயரைச் சொல்லச் சொன்னார்.

அப்பாவின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. இமைகள் படபடத்தன. கழுத்து நரம்பு புடைத்தது. வலது கட்டைவிரல் தொடையில் மூன்று முறை இடித்தது. அந்த முகத்தை அதற்கு முன் நான் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி மறுபடி கேட்டார். பெரியப்பா முந்திக்கொண்டார்.

"எந்தம்பிக்குச் சம்மதந்தான்யா. அதான் வாயத் தொறக்காம நிக்கான்."

அதிகாரி பேனாவை எடுத்தார். பேசத் தீர்மானித்ததாக எனக்கு நினைவில்லை. என் குரல்தான் முதலில் கேட்டது.

"இ... இ... இல்ல. எ... எங்கப்பாவுக்குச் ச... ச... சம்மதமில்ல."

அந்த மூன்று சொற்களுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. கூட்டத்தின் சிரிப்பு எழுந்து, அடங்கி, மறுபடி எழ மறந்துபோகும் அளவுக்கு ஆயிற்று. நடுவில் நிறுத்தினால் பேனா இறங்கிவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பெரியப்பா சிரித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "திக்குவாய் அப்பனுக்குத் திக்குவாய் மக சாட்சியாக்கும்."

பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்ட நாலைந்து பேரைப் பார்த்தபோது, அவர்களுக்கும் தெரிந்திருந்தது என்று பட்டது. நான் அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

எத்தனை வருஷமாக உங்கள் அப்பா உழுகிறார் என்று அதிகாரி என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்போது என் கைமேல் துண்டு விழுந்தது. அதற்கடியில் அப்பாவின் கை வந்து என் கையைப் பிடித்தது. முழுக்கை. மறுபடி முழுக்கை. பிறகு இரண்டு விரல்.

"ப... ப... பன்னெண்டு வருசம்," என்றேன்.

ரசீது எத்தனை என்றார். துண்டுக்கடியில் எண் வந்தது, நான் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரில் எத்தனை நாள் முறை என்றார். அதுவும் வந்தது. ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் இடித்து இடித்துத்தான் வெளியே வந்தது. ஆனால் வந்தது. நான் மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்தேன். அதிகாரி ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். கடைசியில் அப்பாவிடம், உங்கள் மகள் சொல்வது சரியா என்று கேட்டார்.

துண்டுக்கடியில் என் விரல்கள் நொறுங்கிவிடும் போல இருந்தது.

"ஆ... ஆ... ஆமய்யா," என்றார் அப்பா.

பட்டா மாற்றத்தை நிறுத்திவைத்து, ஊருக்கு வந்து விசாரிக்கும்படி அதிகாரி எழுதினார். பெரியப்பா எங்களைப் பார்க்காமல் போய்விட்டார். பின்னர் விசாரணை எங்கள் பக்கம் முடிந்தது. அந்தக் கரிசலில் இன்றும் மல்லி விளைகிறது.

எனக்குத் திக்குவது நின்றுவிடவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது வருகைப் பதிவில் நான் கையைத் தூக்கவில்லை. "உ... உ... உள்ளேன் ஐயா" என்று முழுதாகச் சொல்லி முடித்தேன். வாத்தியார் காத்திருந்தார். காத்திருக்க வைக்கலாம் என்பதுதான் நான் கற்றது. அதை வைத்துக்கொண்டே பிறகு எத்தனையோ பேரிடம் கேள்விகள் கேட்டிருக்கிறேன்.

ஜமாபந்தி முடிந்த அன்று மாலை நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று அப்பாவைக் கேட்டாள். அவர் என்னைக் கைகாட்டினார். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். திக்கிய இடங்களில் என் சொல்லை எடுத்து முடித்துவைப்பது அவள் வழக்கம். அன்று ஒன்றைக்கூட முடித்துவைக்கவில்லை. கடைசிச் சொல் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்களா ஆமய்யான்னீக?"

அவர் தலையை ஆட்டினார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அத்தனை ஆம்பளைகள் மத்தியில் பெண்பிள்ளை பேசியது அவளுக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா முன்போல இல்லை. கடைக்குப் போனால் அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். அவரிடம் கேட்ட கேள்விக்கு அவர் திக்கித் திக்கிப் பதில் சொல்லும்வரை, தன் உதட்டுவரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, வேறெங்கோ பார்த்து நின்றாள். மாதக்கணக்கில் அவள் சத்தமே வீட்டில் கேட்கவில்லை. வாயாடிக்கு என்ன ஆயிற்று என்று ஊரில் கேட்டார்கள். பிரசவத்தில் உடம்பு ரொம்பத் தளர்ந்துவிட்டது என்று நான்தான் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.