கோர்ட்டுக்கு இடம் கொடுத்தவன்

சேறும் சாக்கடையுமாகக் கிடந்த இடத்தில் தோல் பை தைக்கும் பட்டறை போட்டவன் நான். அதன்மேல் மாடி எடுத்தவன் நான். எங்கள் சந்துக்குத் தண்ணீர்க் குழாய் வரவைத்தவனும் நான்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் என்று சிரித்தவர்களின் பிள்ளைகள் என் பட்டறையில் வேலை பார்த்தார்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று உண்டு. தாராவியில் எங்கள் சந்தின் கோர்ட்டு நிற்கிற இடத்தைக் கொடுத்தவர்களில் நான் ஒருவன்.

கோர்ட்டு என்றால் கறுப்பு அங்கியெல்லாம் கிடையாது. தகரக் கூரை போட்ட கூடம், நடுவில் ஒரு ஜமுக்காளம். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த எங்கள் ஆட்கள் சுவர்த் தகராறையும் புருஷன் பெண்டாட்டிச் சண்டையையும் அங்கேதான் தீர்த்துக்கொள்வார்கள். கல்லும் மண்ணும் கழிவுத் தோலும் கொட்டிச் சதுப்பை மேடாக்கிய நாங்கள் மூன்று பேர், எங்கள் பங்கிலிருந்து ஆளுக்கொரு துண்டு விட்டுக்கொடுத்தோம். மற்ற இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கூடத்துக்குக் கரண்டு வாங்கப் போனபோது, கோர்ட்டை நடத்தும் எங்கள் சங்கத்துக்குப் பதிவு கிடையாது. ரேஷன் கார்டு வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் பேரில் மீட்டர் வாங்கினோம். அப்போது யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

இப்போது தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று சர்வே தொடங்கியது. மீட்டர் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் கோலி, அதாவது அந்த அறை, சொந்தம் என்று பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். நவி மும்பைப் பக்கம் ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவர் மகன் வந்து, கூடம் தன்னுடையது என்றான். அவன் பேரில் எழுதிவிட்டால் புதுக் கட்டடத்தில் கோர்ட்டுக்கு இடமில்லை. திங்கட்கிழமை எங்கள் சந்தில் சர்வே. ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கூடினோம்.

"அரே மாமா, பில்லு எங்கப்பா பேர்லதான வருது? பொறவு என்ன பஞ்சாயத்து?" என்றான் அவன்.

"பால் பில்லு ஒங்கப்பா பேர்ல வந்தா எருமையும் ஒன்னோடதும்பியால?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"நீங்க குடுத்தியன்னு என்ன சாட்சி? சர்க்கார் சதுப்பு இது. ஒங்க பூர்வீகச் சொத்தா?"

சங்கத் தலைவர் மெதுவாக, "அண்ணாச்சி, எழுத்து ஏதும் இருக்கா?" என்றார். வாய்ச்சொல்லில் கொடுத்த இடம், எழுத்துக்கு எங்கே போவேன்? என்னால் இந்தச் சந்தில் குடியேறியவர்களைப் பார்த்தேன். குனிந்து மொபைலைத் தடவினார்கள்.

அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "எங்கப்பா சாகுற வரைக்கும் இந்த ஜமுக்காளத்துல உக்காந்து தீர்ப்பு சொன்னாரு. இந்த மாமா ஒருநாளாவது உக்காந்து பாத்திருக்கியளா?"

பின்னால் இருந்து இட்லி விற்கும் அம்மாள் எழுந்தாள். புருஷன் வீட்டார் பிடுங்கிக்கொண்ட நகையை இந்தக் கோர்ட்டில்தான் அவள் திரும்ப வாங்கினாள்.

"தம்பி, ஒங்கப்பா உக்காந்தாருன்னா அவரு எடம் குடுக்கலன்னு அர்த்தம்."

"என்னக்கா சொல்லுதிய?"

"எடம் குடுத்த வீட்டாளு ஜமுக்காளத்துல ஏறக்கூடாது. அதான இங்க கட்டு? என் நகை வழக்குக்கு இந்த அண்ணாச்சியத்தான் முதல்ல கூப்பிட்டேன். வாசல்லயே நின்னுக்கிட்டு மாட்டேன்னுட்டாவ."

அந்தக் கட்டுப்பாடு நாங்கள் மூவரும் போட்டது. இடமும் கொடுத்துத் தீர்ப்பும் சொன்னால் கோர்ட்டு எங்கள் வீடாகிப் போகும். சின்ன வயதிலேயே ஐரோலிக்குப் போய்விட்டவனுக்கு இது தெரியவில்லை.

"ஆமா, அண்ணாச்சி உக்காந்ததே இல்ல," என்றார் ஒருவர். மொபைலைத் தடவியவர்களும் தலை நிமிர்ந்து "ஆமா, ஆமா" என்றார்கள். அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். "நாளைக்கு நான் வரல. நீங்களே பேசிக்கிடுங்க," என்று போய்விட்டான்.

திங்களன்று சந்தே திரண்டு வாசலில் நின்று, கூடம் எல்லோருக்கும் பொது என்றது. சர்வேக்காரர் பொது இடம் என்று எழுதிக்கொண்டார்.

மறுநாளே சங்கத்தில் போர்டு எழுதக் கொடுத்தார்கள்: 'இடம்: ஊர்ப் பொதுமக்கள் உபயம்.' ஏன் என்று கேட்டேன். "ஒருத்தர் பேரப் போட்டா எல்லாரும் கேப்பாவ அண்ணாச்சி," என்றார் தலைவர்.

கேட்கட்டுமே. இடம் கொடுத்தவன் கேட்கட்டும். இறந்துபோன இருவர் பெயரையும் போடுங்கள். என் பெயரை முதலில் போடுங்கள், மூன்றில் பெரிய துண்டு என்னுடையது. நான் கண்மூடின பிறகு மாலை போட்டுப் பேச வேண்டாம். அந்தப் போர்டை அழித்து, நான் பார்க்கிறபோதே எழுதுங்கள்.