பத்மாஸினி வரைந்த டபரா

மைசூர் சரஸ்வதிபுரத்துப் பத்மாஸினி முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் கையெழுத்துப் பார்க்கிற வேலைதான். செக்கில் இருக்கும் கையெழுத்தும் வங்கியில் இருக்கும் மாதிரியும் ஒருவர் போட்டதுதானா என்று பார்த்து, சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போன ஆள் கிடையாது. ஓய்வுபெற்ற மறுநாளே கடைக்குப் போய் ஒரு டிராயிங் நோட்டு வாங்கி வந்தாள்.

படம் போட வேண்டும் என்பது ஐந்தாம் வகுப்பிலிருந்தே இருந்த ஆசை. படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக முந்திக்கொண்டதில் அது வரிசையின் கடைசியிலேயே நின்றுவிட்டது. தனக்கென்று அவள் கேட்டது அது ஒன்றுதான். அதுவும் கைக்கு வராதபோது அவளுக்கு அழுகையே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வரைவார்கள். நடத்துகிற அனகாவுக்குப் பத்மாஸினியின் மகள் வயதுதான் இருக்கும். கடைசியில் எல்லோரும் நோட்டைத் தரையில் விரித்து வைக்க வேண்டும், மற்றவர்கள் சுற்றிவந்து பார்ப்பார்கள். மூன்று வாரமாகப் போய்வந்தும் பத்மாஸினி நோட்டை விரித்துக் காட்டவே இல்லை. அடுத்த வாரம் டம்ளர் டபராவை வீட்டிலேயே வரைந்து கொண்டுவரச் சொல்லியிருந்தாள் அனகா. பேனாவில்தான் போட வேண்டும், அழிப்பதற்கு இடமில்லை. இதுவும் வராவிட்டால் இந்த வேலையே வேண்டாம் என்று பத்மாஸினி முடிவு கட்டிவிட்டாள்.

பார்க்கும்போது டபரா பரம சாதுவாகத்தான் இருக்கிறது. வரைய உட்கார்ந்தால்தான் அதன் வாய் வட்டம் இல்லை, நசுங்கிய வட்டம் என்று தெரிகிறது. மணிக்கட்டை மேஜையில் ஊன்றிக்கொண்டு அரை அங்குலம் இழுப்பாள். நிறுத்தி டபராவைப் பார்ப்பாள். சரிதானா என்று ஒப்பிட்டுவிட்டு அதன் மேலேயே இன்னொரு முறை இழுப்பாள். கோடு முழுக்க மயிர் முளைத்துவிடும். இரண்டு ஓரமும் கூராகி, டபரா மாங்கொட்டையாகிவிடும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதினேழு டபரா இப்படிப் பாழாயிற்று.

பதினேழாவதை, பழக்கதோஷத்தில், செக்கைத் தூக்கிப் பிடிப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நின்று நின்று, நடுங்கி நடுங்கி, அச்சு அசலாக வர வேண்டுமே என்ற பயத்தில் இழுத்த கோடு. இந்தக் கோட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். கள்ளக் கையெழுத்துப் போடுகிறவன் இப்படித்தான் இழுப்பான். உரியவன் போட்டது வங்கியிலிருக்கும் மாதிரியோடு ஒருநாளும் முழுசாக ஒத்துப்போகாது, ஆனால் ஒரே வீச்சில் ஓடியிருக்கும்.

காபி கொண்டுவந்த கணவர் ஆழ்வாரிடம், "ஏன்னா, இது செக்கா வந்திருந்தா நானே திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறிப்போவதற்குள் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

"மணிக்கட்டு வேண்டாம் ஆன்ட்டி, தோள்லேர்ந்து, ஸ்வல்ப தைரியமா போடுங்க" என்று அனகா சொல்லிச் சொல்லி அலுத்திருந்தாள். அது இப்போதுதான் காதில் ஏறியது. பத்மாஸினி எழுந்து நின்றாள். பேனாவைத் தாளில் படாமல் மூன்று சுற்றுச் சுற்றினாள். கை சூடு பிடித்ததும் நிறுத்தாமல் தாளில் இறக்கி இரண்டு சுற்று ஓடவிட்டாள். இரண்டு சுற்றும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை, டபரா ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் ஓரங்கள் உருண்டிருந்தன. டம்ளரையும் அப்படியே போட்டு முடித்தாள்.

மறுநாள் ஏரிக்கரையில் அவள் நோட்டுத்தான் முதலில் விரிந்தது. அனகா அதன் முன் நின்று பார்த்தாள்.

"டபரா கொஞ்சம் சாஞ்சிருக்கே, ஆன்ட்டி."

"சாஞ்சுதான் இருக்கு" என்றாள் பத்மாஸினி. "ஆனா நான் போட்டது."

பிறகு குனிந்து, பேனாவை எடுத்து, படத்தின் கீழே கையெழுத்துப் போட்டாள். இதுவரை போட்ட எந்தப் படத்துக்கும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை.