ஞானதுரை எழுதிய தகதிமி

ராஜபாளையத்தில் பஞ்சுப் பொதிகளுக்கு முத்திரையும் கடைகளுக்குப் போர்டும் எழுதிப் பிழைத்தவர் ஞானதுரை. கை எழுதும்போது அவர் வாய் ஏதாவது ஒரு தாளத்தை முனகிக்கொண்டே இருக்கும். சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே பெஞ்சில் விரல் தட்டி, மனைவி கிருபாபாயிடம் கிள்ளு வாங்கியவர். ஆசைப்பட்டு மிருதங்கம் படிக்கப் போனார். இரண்டு கையும் ஒன்றாகவே விழுந்தன. ஒரே மாதத்தில் சிரித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

1938 ஆடியில், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்துக்கு பால்சாமியின் நாடகக் கம்பெனி வந்தது. சேத்தூரிலிருந்து வரும் வழியில் நல்ல மழை. அரண்மனை எழுதிய மேடைப் படுதா நனைந்து, தூணும் சிம்மாசனமும் கரைந்து ஒன்றாகிவிட்டன. ஞானதுரைக்கு ஆள் போனது.

"பொழுது சாயறதுக்குள்ள அரமனை வேணும்" என்றார் பால்சாமி.

"அம்புட்டுச் சீக்கிரம் ஏலாது மொதலாளி."

"அப்பம் எதையாச்சும் எழுதும். வெறுந்துணி தொங்கப்படாது."

கொட்டகை முற்றத்தில் புதுத்துணியை விரித்தார்கள். என்ன எழுதுவதென்று தெரியாமல் ஞானதுரை தூரிகையோடு நின்றார். அப்போது கம்பெனியின் மிருதங்கக்காரர் சமுத்திரம் வாத்தியத்தைச் சுருதி கூட்டி, தட்டிப் பார்த்தார். 'தொம்' என்று ஒரு முழக்கம். ஞானதுரையின் கை தானாகத் தாழ்ந்து கறுப்பில் ஒரு பெரிய வட்டம் போட்டது. 'தகதிமி'க்கு நான்கு மஞ்சள் பொட்டுகள். 'தா'வுக்கு நீலத்தில் ஒரு நீண்ட இழுப்பு. சமுத்திரம் வாசிக்க வாசிக்க, துணிமேல் வெறுங்காலோடு நடந்து வரிவரியாக எழுதிக்கொண்டே போனார். தோல்மேல் படியாத கை துணிமேல் படிந்தது.

இருட்டியதும் காஸ் லைட் வெளிச்சத்தில் படுதா இறங்கியது. கூட்டம் ஒன்றும் புரியாமல் விழித்தது.

"என்னய்யா இது, பொரிகடலைக் கடையா?" என்று பால்சாமி தலையில் கை வைத்தார்.

சமுத்திரம் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தார். தான் மத்தியானம் வாசித்ததெல்லாம் மேலே தொங்கியது. வாய்விட்டுச் சிரித்து, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் வரியில் சனங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. மஞ்சளுக்குக் கைதட்டினார்கள். கறுப்பு வட்டம் வரும் முன்பே "தொம்!" என்று கத்தினார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு ராஜா உள்ளே வந்தார்.

"செத்த நேரம் பொறும் ராசாவே, இன்னும் ரெண்டு வரி கெடக்கு!" என்றாள் முன்வரிசைக்காரி ஒருத்தி. ராஜாவும் ஓரமாக நின்று தாளம் போட்டார்.

பால்சாமி அப்புறம் அரண்மனையே கேட்கவில்லை. தளவாய்புரத்திலும் சோழபுரத்திலும் கல்யாணப் பந்தலுக்கு ஞானதுரையின் துணி வேண்டுமென்றார்கள். ராஜபாளையத்துத் தெலுங்கு வீடுகளில் "பாகுந்தி, பாகுந்தி" என்று மெச்சி வாங்கிக்கொண்டார்கள். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பஜனைக்குத் துணி எழுதும்போது கிருபாபாயும் ஒரு தூரிகையை எடுத்துச் சிவப்புப் பொட்டுகள் வைத்தாள்.

"ஏட்டி, ஒண்ணு கூடிப்போச்சு. தாளம் இடிக்கும்."

"இடிச்சா இடிக்கட்டும். நல்லாத்தான இருக்கு."

பஜனைக்காரர்கள் துணியை முன்னால் தூக்கிப் பிடித்து, அந்த அதிகப்படி சிவப்பையும் விடாமல் கஞ்சிராவில் தட்டி, தெருத்தெருவாகச் சிரித்துக்கொண்டே போனார்கள்.