இரண்டாவது சரணம்

1991ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், வானொலி நிலையத்தில் நேயர் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தவரின் மேசைமுன் தையற்காரி ஒருத்தி சொட்டும் குடையுடன் வந்து நின்றாள். அவளைக் கைவிட்டவனுக்கு அடுத்த மாதம் திருமணம்.

"அன்னைக்கு இந்தப் பாட்டப் போடுங்க சார். அவன் நெஞ்சு எரியணும்."

அவள் நீட்டிய பாட்டுப் புத்தகத்தில் அவர் வரிகளைப் படித்தார்.

"முதல் சரணத்துல நாசமாப் போன்னு சபிக்கிறா. ரெண்டாவதுல சாப்பிட்டியான்னு கேக்குறாளேம்மா! அவன் சிரிப்பான்."

"அப்போ நல்ல சாபமா ஒண்ணு தேடிக் குடுங்க."

செவ்வாய்தோறும் இருவரும் தேடினார்கள். எந்தப் பாட்டும் கடைசிவரை கோபத்தைக் காப்பாற்றவில்லை. அந்தத் திருமண நாள் கடந்துபோனதை அவளே மறந்திருந்தாள். மறு ஆண்டு அவரையே மணந்தாள்.

முப்பது ஆண்டுகளாக, சண்டை வந்தால் தையல் இயந்திரத்தை மிதித்தபடி அவள் அந்தப் பழைய பாட்டின் முதல் சரணத்தைப் பாடுவாள். அவர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டாவதற்காகக் காத்திருப்பார்.

மருத்துவமனைக் கட்டிலில் அவர் ஓய்ந்து கிடந்தபோது, "என்னைத் தனியா விட்டுட்டுக் கெளம்புறீங்களா?" என்று வெடித்தாள். முதல் சரணத்தைப் பாடி, அதோடு நிறுத்திவிட்டு அவர் போர்வையை இழுத்துவிட்டாள்.

அவர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"மிச்சத்தையும் பாடிடேன்."