சைஸ் சைபர்

"மொத எழுத்தப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டேதான் சிவரூபினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். திரையில் கோப்புகளின் வரிசை ஓடும். அவள் கண் இடது ஓரத்தை விட்டு நகராது. அங்கே p என்று இருந்தால் அது பைப்: ஒரு புரோகிராம் பேசுவதை இன்னொன்று கேட்கிற குழாய். சின்னக் கோடு இருந்தால் வெறும் கோப்பு.

உக்குவளையில் பஸ் ஏறி, மாத்தளைப் பக்கத்து மசாலாக் கடைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்து வருகிறாள். "பைப் வேல பாக்குற புள்ள" என்று பெயர் பரவியதில் அக்கம்பக்கத்தார் ஒழுகுகிற தண்ணீர்க் குழாய்க்கும் கூப்பிடுகிறார்கள். அவளும் சளைக்காமல் வாஷர் வாங்கிக்கொண்டு போகிறாள். வாய் மட்டும் சும்மா இராது. பைப் அசையாமல் நின்றுவிட்டால், "பேச ஆளிருக்கு, கேக்க ஆளில்ல. எங்க வீடு மாதிரித்தான்" என்பாள்.

நேற்று அலுவிகாரையில், ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் மிளகு ஸ்டோரில் தராசு எடை காட்டியது, லேபல் மட்டும் வரவில்லை. வாசலில் லொறி காத்து நின்றது. சிவரூபினி இடது ஓரத்தைப் பார்த்தாள், கோடு. யாரோ பைப்பை அழித்திருக்க, தராசு புரோகிராம் அதே பெயரில் தானே ஒரு கோப்பை உண்டாக்கி, எடைகளையெல்லாம் அதில் கொட்டிக்கொண்டிருந்தது. திரையில் கிளார்க் ஜஸ்லாவின் பெயரிலுள்ள குப்பைத்தொட்டியைத் திறந்தால், பழைய பைப் அங்கே கிடந்தது.

பக்கத்தில் நின்ற ஜஸ்லாவின் முகம் வெளிறிப்போயிற்று. "சைஸ் சைபர் எண்டு காட்டிச்சு. குப்பையாக்கும் எண்டு அழிச்சிட்டன்."

பைப் எப்போதும் சைபர்தான் காட்டும். வந்ததை வைத்துக்கொள்ளாமல் தள்ளிவிடுவதுதான் அதன் பிழைப்பு. இது ஜஸ்லாவுக்கு எப்படித் தெரியும்? போன மாதம்தான் ஹாஜியார், இன்னொரு பிழை நடந்தால் வீட்டோடு இருந்துகொள்ளச் சொல்லியிருந்தார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. சிவரூபினிக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"பயப்படாதீங்க ராத்தா." கோப்பை வேறு பெயரில் ஒதுக்கிவைத்தாள். mkfifo என்று தட்டிப் புதுப் பைப் போட்டாள். எழுதும் அனுமதியைச் சரிபார்த்து, லேபல் புரோகிராமை மறுபடி எழுப்பி, தேங்கிக் கிடந்த எடைகளை உள்ளே விட்டாள். பிரிண்டர் கடகடவென்று லேபல்களைத் தள்ளத் தொடங்கியது.

சத்தம் கேட்டு ஹாஜியார் உள்ளே வந்தார். "யார்ட வேல புள்ள இது?" என்று திரைப்பக்கம் குனிந்தவர், எழுத்துத் தெரியாமல் சட்டைப் பையில் கண்ணாடியைத் துழாவினார்.

"பைப் அடைச்சிருந்துச்சு ஹாஜியார். எடுத்து விட்டுட்டேன்" என்றபடி, அவர் கண்ணாடி மூக்கில் ஏறுமுன் சிவரூபினி குப்பைத்தொட்டியைக் காலி செய்தாள்.